மூன்று முழுக்கு

"இந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்?"

மாசிலாமணி கடிதத்தை நீட்டினார். நாற்பது வருடம் அச்சகத்தில் தமிழ் புரூஃப் பார்த்துப் பிழை திருத்தியவர். குளக்கரை மடத்துத் தில்லைநாயகி அம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். அந்த அம்மாளுக்கு இவர் சீடர். ஊர் சிரித்துப் பார்த்தது. பிறகு அதற்கே அலுத்துவிட்டது.

கடிதம் சின்னது. 'நம் உறவு இன்டிஸ்ட்ரக்டிபிள், அப்பா. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?'

"அழிக்க முடியாததுன்னு அர்த்தம்," என்றார் அம்மாள். "யார் எழுதினது?"

"யாரோ ஒருத்தி."

"அப்பான்னு போட்டிருக்கே."

"சாதி விட்டுக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போனா. அன்னிக்கே தலைமுழுகிட்டேன். இதே குளத்துல மூணு முழுக்கு. அத்தோட எல்லாம் அழிஞ்சு போச்சு."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"வராதேன்னு எழுதணும். அந்த வார்த்தையே தப்புன்னும் எழுதணும். மலையை வெடி வச்சுத் தகர்க்கிறான். வைரம்கூட எரியுதாம். உறவு என்ன பெரிய உறவு?"

அம்மாள் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

"எழுதுங்க. நான் சொல்றேன். 'எனக்கு மகள் இல்லை.'"

மாசிலாமணி எழுதினார். முத்து முத்தான எழுத்து.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மேலே யாருக்குன்னு போடுங்க."

பேனா நின்றது.

'திருமதி' என்று ஆரம்பித்தார். பிடிக்கவில்லை, அடித்தார். வெறும் பெயர் மொட்டையாக இருந்தது. 'அவர்களுக்கு' என்று சேர்த்தால் வங்கியிலிருந்து வந்த கடிதம் போலத் தெரிந்தது.

"எதையாவது போடுங்க. தபால் எடுக்கிற நேரம் ஆச்சு," என்றார் அம்மாள்.

மாசிலாமணி அவசரமாக எழுதினார். அவள் விடுதியில் தங்கிப் படித்த நாளில் வாராவாரம் கடிதம் போட்டுப் பழகிய கை அது. யோசிக்கவில்லை.

"படிங்க."

"அன்பு மகள் பூங்கோதைக்கு," என்று படித்தார். "எனக்கு மகள் இல்லை."



அம்மாள் தாளை வாங்கிப் பார்க்கவில்லை.

"புரூஃப் பார்த்தவராச்சே நீங்க. பிழை இருக்கா?"

"இருக்கும்மா."

"எந்த வரியில?"

மாசிலாமணி பேனாவை எடுத்தார். கீழ் வரியை அடித்தார்.