மூன்றாம் பாட்டில் ஒரு திக்கல்

"பொறுமையாத்தான டீச்சர் சிடி ரைட் பண்ணுனேன். பெறவும் ஏன் திக்குது?"

கேட்டவர் அருளப்பன். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வுபெற்றவர். இப்போது ஜுலைகாவின் ரெக்கார்டிங் கடையில் சிடி போடக் கற்றுக்கொள்கிறார். டீச்சருக்கு வயது இருபத்தாறு.

அன்று அவர் மனைவி லூர்து பாடிய நான்கு பாட்டு, ஐந்து மணிக்குள் வானொலி நிலையத்துக்குப் போயாக வேண்டும். இரண்டு சிடி கேட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் குரல் தேர்வுக்கு லூர்துவின் வயது தாண்டிவிடும்.

மணி மூன்றே முக்கால்.

முதல் சிடியை இருப்பதிலேயே அதிக வேகத்தில், ஐம்பத்திரண்டில் ஓட்டினார். ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்தது. போட்டுக் கேட்டால், மூன்றாம் பாட்டில் லூர்து திக்கினாள். வாழ்க்கையில் ஒருநாளும் திக்காத பெண்மணி.

அவசரப்பட்டது தப்பு என்று காதைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததை ஆகக் குறைந்த வேகத்தில், நான்கில் போட்டார். ஜெபத்துக்கு உட்கார்ந்தவர்போல் அசையாமல் இருந்தார்.

அதிலும் திக்கினாள்.

சிடி டிரைவைத் திட்டினார். கம்பெனிக்காரனைத் திட்டினார். ஜுலைகா வாசலில் நின்ற சைக்கிளைக் காட்டினாள்.

"அண்ணாச்சி, தெருமுக்கு வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா."

"இப்பவா?"

அவள் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள்.

அருளப்பனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஏறினார். நாலடி போவதற்குள் ஹேண்டில்பார் இப்படியும் அப்படியும் ஆடியது. காலை ஊன்றினார். மறுபடி ஏறினார், மறுபடி ஊன்றினார். எதிர்த்த டீக்கடையில் சிரித்தார்கள்.

வெட்கம் தாங்காமல் நன்றாக மிதித்தார். வண்டி நேரானது.

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு ஓடிவந்தார்.

ஏற்கெனவே பிரித்த வெற்று சிடிக் கட்டில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. வேகத்தை இரண்டுக்கும் நடுவே, பதினாறில் வைத்தார். முடிந்ததும், நல்ல சிடியைக்கூடச் சமயத்தில் துப்பிவிடும் பழைய பிளேயரில் போட்டார்கள்.

மூன்றாம் பாட்டு வந்தது. இருவரும் மூச்சுவிடவில்லை.

லூர்து பாடிக்கொண்டே போனாள். நாலாவதும் முடிந்தது.

அருளப்பன் குதித்தார். சந்தோஷத்தில் கண்கூட நிறைந்துவிட்டது. சாக்பீஸை எடுத்து, கடையின் விலைப் பலகையில் பெரிதாக '16' என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். இனி ஆயுசுக்கும் இதுதான் என்றார்.

ஜுலைகா இரண்டாவது சிடிக்காகப் புதுக் கட்டைப் பிரித்தாள். வேறு கம்பெனி. பழையதன் அடிப்பக்கம் பச்சை, இதன் அடிப்பக்கம் நீலம். ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

அருளப்பன் சிடியைத் திருப்பிப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் பதினாறை அழித்தார்.

"டீச்சர், இதுக்கு எந்த வேகம்னு பாக்க இந்தக் கட்டுல ரெண்டு மூணு வீணாப் போனாப் பரவாயில்லையா?"