மாதேஸ்வரன் வீட்டு வெந்நீர்

கோத்தகிரியில் தேயிலை ஃபாக்டரி ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர் மாதேஸ்வரன். அறுபத்து நான்கு வயதில் தியானம் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுத்த பவளம்மா அவரைவிட இருபது வயது இளையவர். அவர் இவரை ‘ஐயா’ என்பார். இவர் அவரை ‘அம்மா’ என்பார்.

ஒருநாள் மாதேஸ்வரன் வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா, கோபத்தை அடக்க ஒரு வழி சொல்லுங்க. இல்லேன்னா இந்தத் தியானமே வேண்டாம்.”

“யார் மேல கோபம்?”

“என் மருமக சுகிர்தா மேலதான். பையன் கோயம்புத்தூர்ல வேலை பாக்கறான், வாரம் ஒருநாள்தான் வர்றான். வீட்ல நானும் அவளும். நான் காலைல அஞ்சு மணிக்குக் குளிச்சிட்டுக் கண்ணை மூடி உட்காருவேன். உடனே பாத்ரூம்ல மக்கை டமார் டமார்னு போடுவா. வேணும்னே பண்றா. மூணு வருஷமா இதே கூத்து.”

“கேட்டீங்களா?”

“கத்தினேன்.”

பவளம்மா, “நாளைக்கு உங்க வீட்ல வந்து தங்கறேன்” என்றார்.

சொன்னபடியே மறுநாள் மாலை வந்து தங்கினார். மார்கழிக் குளிர். விடிகாலை ஐந்து மணிக்கு மாதேஸ்வரன் எழுந்தார். ஆவி பறக்கக் குளித்தார். நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பாத்ரூமில் மக் விழுந்தது. எடுத்து மறுபடி யாரோ அதைத் தரையில் அறைந்தார்கள்.

மாதேஸ்வரன் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது தடவை எழுந்தே விட்டார்.

“சுகிர்தா! அம்மா வந்திருக்கற அன்னிக்காவது அடங்க மாட்டியா?”

சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள் சுகிர்தா. பாத்ரூம் கதவு திறந்தது. ஈரத்தலையும் நடுங்கும் உதடுமாகப் பவளம்மா வெளியே வந்தார்.

“நான்தான்” என்றார். “ஐஸ் மாதிரி கொட்டுது. கோபம் வந்துடுச்சு.”



“கீசர்ல இருபத்தஞ்சு லிட்டர்தாங்கம்மா” என்று இழுத்தார் மாதேஸ்வரன். “நான் குளிச்சா தீந்துடும். மறுபடி சூடாக முக்கால் மணி நேரம் ஆகும்.”

“நீ எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்று சுகிர்தாவைக் கேட்டார் பவளம்மா.

“ஆறே கால் பஸ்ஸுங்க. ஆஸ்பத்திரில நர்ஸு. தினமும் இந்தத் தண்ணிதான்.”

“வேற வழியே இல்லையா?”

அவ்வளவுதான். சுகிர்தா கரண்டியை மேடையில் வைத்த வேகத்தில் அதுவும் சத்தம் போட்டது.

“ஏங்க இல்ல? கல்யாணம் ஆகி வந்த மாசமே சொன்னேன். தொட்டியே இல்லாத ஹீட்டர் இருக்கு, கேஸ்ல ஓடறது. குழாயைத் திறந்தாத்தான் பத்திக்கும், ஓடற தண்ணி ஓட ஓடச் சூடாகும். பத்து பேர் குளிச்சாலும் தீராது. யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். இப்ப இருக்கற கீசர்ல பாருங்க, குளிக்க ஆளே இல்லாதப்பவும் தொட்டித் தண்ணியைக் காய்ச்சிக்கிட்டே கிடக்குது, கரண்ட் தண்டம். வெளிச்சுவர்ல மாட்டிட்டா பாத்ரூம்ல இந்தப் பானை தலைக்கு மேல தொங்காது. எத்தனை தடவை சொல்றது! சொன்னா, ‘வந்த உடனே குறை கண்டுபிடிக்கறா’ன்னு பேச்சு.”

மாதேஸ்வரன் தரையைப் பார்த்தார். பவளம்மா தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டார்.

அந்த வாரமே ஆள் வந்தது. பழைய கீசரைக் கழற்றினார்கள். பின்பக்கச் சுவரில், காற்று போக வர இருக்கும் இடமாகப் பார்த்துப் புது ஹீட்டரை மாட்டினார்கள்.

பதினைந்து நாள் கழித்து மாதேஸ்வரன் வந்தார். முகம் முன்பைவிடக் கடுகடுவென்று இருந்தது.

“ஹீட்டர் வேலை செய்யலையா ஐயா?”

“அது நல்லா வேலை செய்யுதுங்கம்மா. அவ சொன்னது அத்தனையும் சரி. நான் அரை மணி குளிச்சாலும் அடுத்த நிமிஷம் அவளுக்குக் கொதிக்கக் கொதிக்க வருது. மக் சத்தமே இல்ல. ஆனா அவ என்கிட்ட பேசறதில்ல. கோயம்புத்தூருக்கு மாத்தல் கேட்டு எழுதிக் கொடுத்துட்டா. நான் தனியாக் கிடக்கணும். கேட்டதைச் செஞ்சாச்சு. இன்னும் என்னதான் வேணுமாம் அவளுக்கு?”

“மாட்டின அன்னிக்கு அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“‘இந்தா, நீ கேட்டது வந்துடுச்சு. இனி பாத்ரூம்ல சத்தம் கேக்கக் கூடாது’ன்னேன்.”

பவளம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா? வேற என்ன சொல்லணும்?”

“மூணு வருஷம் அவ குளிர்ல நடுங்கினதைப் பத்தி ஒரு வார்த்தை?”

“அதுதான் சரியாயிடுச்சே!” மாதேஸ்வரனின் குரல் ஏறியது. “முடிஞ்சு போனதை எதுக்குக் கிளறணும்? இனிமே ஆயுசுக்கும் வெந்நீர்தானே?”

“இனிமே குளிக்கப்போறதுக்கு வெந்நீர் வந்துடுச்சு ஐயா” என்றார் பவளம்மா. “ஏற்கெனவே குளிச்சதுக்கு?”