இருபதாயிரம் ரூபாய் மனிதர்

கோபிச்செட்டிப்பாளையத்து வியாபாரிகள் ஒரு ஆடிட்டரை குரு என்றே கூப்பிட்டார்கள். அவர் பெயர் தில்ஷாத். நாற்பது வயதைத் தொடாத பெண். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தன் ஆபீஸ் மாடியில் வருமான வரி, ஜிஎஸ்டி, சேமிப்பு என்று பாடம் சொல்வார். கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

அவர்களில் நாச்சிமுத்துதான் எல்லோருக்கும் மூத்தவர். கல்யாணங்களுக்குப் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். ஒரு வகுப்பும் தவறவிட மாட்டார். கேட்டதில் ஒன்றையும் செய்யவும் மாட்டார்.

"இத்தனை வருஷமாத் தொழில் பண்றனுங். நம்ம பேருல கவர்மெண்டுக்கு ஒத்தப் பைசா போனதில்லைங்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் பெருமையாகச் சொல்வார்.

குரு அதைக் கேட்டும் கேட்காதவர் போலப் பாடத்தைத் தொடர்வார்.

வைகாசிக் கடைசியில் நாச்சிமுத்துவுக்கு ஒரு சிக்கல் வந்தது. அவர் சாமான் வைத்திருந்த கோடவுனை விற்கப்போவதாகச் சொந்தக்காரர் ராக்கியண்ணன் சொன்னார்.

"மொத வாய்ப்பு உங்களுக்குத்தானுங். ஆவணி பொறந்ததும் கிரயம் பண்ணிக்கலாம். உங்களுக்கு முடியலைன்னா வேற பார்ட்டி பாக்கறேன்."

ஊருக்கு நடுவில் லாரி உள்ளே வந்து திரும்புகிற அளவுக்கு வேறு இடம் கிடையாது. அதை விட்டால் தொழிலே போனமாதிரி. நாச்சிமுத்து வங்கிக்குப் போனார். மானேஜர் வருமான வரி ரிட்டர்னைக் கேட்டார். பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தார்.

"இந்த வருமானத்துக்கு ஒரு மொபெட் லோன் தரலாங்க" என்றார். "அதுக்கும் ஜாமீன் வேணும்."

நாச்சிமுத்து நேராக குருவிடம் வந்தார்.

"ஆடிட்டரம்மா, நான் வசதியானவன்னு நிரூபிக்கோணும். ஒரு வழி சொல்லுங்."

"ரிட்டர்ன்ல எவ்வளவு காட்டியிருக்கீங்கண்ணா?"

"வருஷத்துக்கு ரெண்டு லட்சத்து நாப்பதாயிரமுங்."

"மாசம் இருபதாயிரம். வீட்ல எத்தனை பேர்?"

"நானு, சம்பூரணம், ரெண்டு புள்ளைங்க. நாலு பேருங்."

"அந்த இருபதாயிரம் ரூபாய் மனுஷரை நான் பார்த்ததே இல்லை. ஒரு மாசம் அவரா வாழ்ந்து காட்டுங்க. அப்புறம் பேங்குக்கு நானே கூட வர்றேன்."

ஏதோ பரிகாரம் சொல்கிறார் என்று நாச்சிமுத்து நினைத்தார். மாதம் முடிந்தால் சர்டிபிகேட் கிடைத்துவிடும் என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனார். மனைவி சம்பூரணத்தின் கையில் இருபதாயிரத்தைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார்.

"நெசமாவே ஆடிட்டரம்மா சொன்னாங்களா?"

"ஆமா."

"அப்பச் சரி" என்றாள் சம்பூரணம். அந்தச் சரியில் இருந்த உற்சாகம் அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் தட்டில் இரண்டு தோசை விழுந்தது. நாச்சிமுத்து மூன்றாவதுக்காகக் காத்திருந்தார்.

"மூணாவது தோசை அந்தாளுக்குக் கட்டுப்படியாகாதுங்" என்று அடுப்பை அணைத்தாள்.

ஏசி நின்றது. காருக்கு உறை போட்டாயிற்று. நாச்சிமுத்து டவுன் பஸ்ஸில் போனார். கண்டக்டருக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. கண்டக்டரின் தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் இவர். "என்னங் அய்யா, உடம்புக்கு முடியலைங்களா?" என்று பதறிப்போய்த் தன் சீட்டைக் கொடுத்தார்.

அந்த வாரமே மூத்த மகள் யாழினி காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்று வந்து நின்றாள். நாச்சிமுத்து சம்பூரணத்தைப் பார்த்தார்.

"அந்தாளு மகளை இன்ஜினியரிங் சேத்தியிருக்கவே மாட்டாருங். பனியன் கம்பெனிக்கு அனுப்பியிருப்பாரு."

யாழினி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள். நாச்சிமுத்துவுக்கு இரண்டு தோசையிலும் ஒன்று மிச்சமாகிவிட்டது.

ஆனியில் ஒரு முகூர்த்தம். தெரிந்த வீட்டுக் கல்யாணம், பந்தலும் அவருடையதுதான். சாப்பிட்டுவிட்டு மொய் மேசைக்குப் போய் நூற்றியொரு ரூபாயை நீட்டினார். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அண்ணா, ஆயிரத்தியொண்ணுங்களா?"

"நூத்தியொண்ணுங்."

"இல்ல, அஞ்சாயிரத்தை முன்னயே குடுத்துட்டு நூத்தியொண்ணு பாக்கிங்களா?"

"நூத்தியொண்ணேதாப்பா. எழுது."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓடிவந்து அவரைத் தனியாக அழைத்துப்போய், "ஏதாச்சும் அவசரம்னா கூச்சப்படாம கேளுங்" என்று அவர் சட்டைப் பையில் எதையோ திணித்தார். வெளியே வந்து பார்த்தால் இரண்டாயிரம் ரூபாய்.

அதற்குப் பிறகு செய்தி அவரைவிட வேகமாகப் போனது. நாச்சிமுத்து நொடித்துவிட்டார் என்று சந்தையில் பேசினார்கள். பந்தல் துணி அனுப்பும் ஈரோட்டு வியாபாரி போன் செய்து, இந்தத் தடவை பணம் வந்ததும் சரக்கு ஏற்றுகிறேன் என்றார். ஆவணிக் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்தவர் வீட்டுக்கே வந்து, மோரைக் குடித்துவிட்டு, "தப்பா நெனைச்சுக்காதீங்… அன்னிக்குப் பந்தல் வந்துருமுங்களா?" என்று கேட்டார்.

அடுத்த நாள் கோடவுனுக்குப் போனால் ராக்கியண்ணன் யாரோ ஒருவருக்கு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் சுவரை அளந்துகொண்டிருந்தார்.

நாச்சிமுத்து பஸ்ஸுக்குக்கூட நிற்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து குருவின் மாடிப்படி ஏறினார்.

"இன்னும் மாசம் முடியலையேண்ணா" என்றார் குரு.

"முடியாதுங். அந்தாளால வாழ முடியாதுங் ஆடிட்டரம்மா. ஊருக்குள்ள ஒருத்தன் நம்ப மாட்டேங்கறான். பொண்ணு என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குது. எல்லாம் உங்க பேச்சைக் கேட்டதுதானுங்."

"நான் என்னண்ணா சொன்னேன்? நீங்க வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுச் சொன்னதை ஊரும் கேட்டுச்சு. அவ்வளவுதான்."

நாச்சிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"மானேஜர் தப்பா ஒண்ணும் சொல்லலைங்கறீங்க."

"அந்தாளுக்கு நீங்க கடன் தருவீங்களா?"

"என்ற வாடகை நாற்காலியவே தர மாட்டனுங்."

நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதைச் சரி பண்ண முடியுமுங்களா?" என்று கேட்டார்.

"முடியும். சட்டம் இன்னும் அனுமதிக்கிற வருஷங்களுக்கு நிஜ வருமானத்தைக் காட்டித் திருத்தின ரிட்டர்ன் போடலாம். விட்டுப்போன வரி, வட்டி, தாமதமா வந்ததுக்குக் கூடுதல் வரி, எல்லாம் கட்டணும். இன்னியிலிருந்து கடைக்கு ஒரு பேங்க் கணக்கு, வீட்டுக்கு ஒண்ணு. கடையிலிருந்து வீட்டுக்கு மாசம் இவ்வளவுன்னு எடுங்க. மேல தொடக்கூடாது."

"எவ்வளவு வருமுங்?"

குரு கணக்குப் போட்டுத் தொகையைச் சொன்னார். நாச்சிமுத்து மேசைமேல் இருந்த குருவின் தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுதும் குடித்தார்.

"ஒரு காரே வாங்கலாமுங்களே!"

"கார் நல்லா ஓடுதுங்களாண்ணா?"

"ஓடுதுங்."

"அப்ப நல்ல விலை போகும்."

ஆடிக்கு முன்னால் கார் போயிற்று. வரியும் கட்டியாயிற்று. யாழினியின் ஃபீஸை அபராதத்தோடு நாச்சிமுத்துவே காலேஜில் போய்க் கட்டினார். மாப்பிள்ளையின் அப்பாவைத் தேடிப்போய் இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்து, மொய் பாக்கியையும் கொடுத்தார். அந்த மனிதர் அதற்கும் கண்கலங்கினார்.

ஆடியில் யாரும் கிரயம் பண்ண மாட்டார்கள் என்பதால் ராக்கியண்ணனின் புதுப் பார்ட்டி காத்திருந்தது. அதற்குள் நாச்சிமுத்துவும் குருவும் வங்கிக்குப் போனார்கள். மானேஜர் பழைய ரிட்டர்னையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்.

"இதுல எந்த நாச்சிமுத்து நிஜம்?"

குரு வாய் திறப்பதற்குள் நாச்சிமுத்து முந்திக்கொண்டார்.

"ரெண்டாவது ஆளுங் சார். மொத ஆளு நம்மூட்டுல கொஞ்ச நாள் தங்கியிருந்தாரு. சம்பூரணம் தொரத்தி உட்டுட்டா."

மானேஜர் சிரித்துவிட்டார். சிரித்தாலும் வரி கட்டிய ரசீதுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கேட்டதில் முக்கால் பங்கு கடன் தருவதாகச் சொன்னார். மீதிக்கு சம்பூரணம் தன் நகைச்சீட்டுப் பணத்தைக் கொடுத்தாள், மாதாமாதம் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் பத்திரப்பதிவு. ஆபீஸ் வாசலில் கூட்டம். ராக்கியண்ணன் நாச்சிமுத்துவின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பத்திரத்துல கவர்மெண்டு வழிகாட்டி விலை மட்டும் போட்டுக்கலாமுங். அது பாதிதான் வருது. மீதியக் கையில குடுத்துருங். ஸ்டாம்பு செலவு உங்களுக்கு மிச்சம், வரி எனக்கு மிச்சம். ஊருல எல்லாரும் பண்றதுதானுங்."

நாச்சிமுத்து மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. பத்திர எழுத்தரின் பக்கத்தில் உட்கார்ந்து நகலைப் படித்துக்கொண்டிருந்த குருவிடம் போனார்.

"தப்புன்னு தெரியுமுங். தெரிஞ்சேதான் கேக்கறேன். பாதி விலை போட்டா என்னங் ஆகும்?"

குரு படிப்பதை நிறுத்தவில்லை.

"பாதி கோடவுன் உங்களுது ஆகும்ண்ணா. எந்தப் பாதின்னு மட்டும் அவர்கிட்டக் கேட்டுட்டு வாங்க."