உப்பனாங்குப்பத்துப் படகில் கேமரா

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மற்ற ஊர்களில் தெருவுக்கு ஒருவராகப் பரவி இருப்பார்கள். உப்பனாங்குப்பத்தில் மட்டும் மூன்று பேர் சேர்ந்து ஒரே படகுக்குப் பங்காளிகள் ஆகிவிட்டார்கள். மூத்தவர் கலியவரதன். அவருடைய தம்பி அஞ்சாப்புலி. கலியவரதனுடைய மனைவியின் தம்பி தனவேலு. மூவருக்கும் மூளை இல்லை என்று ஊரில் பேசிக்கொள்வது பொய். இருக்கிறது. வாங்கின மேனிக்குப் புதுசாகவே இருக்கிறது.

அப்போது மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிற நேரம். பெண்டாட்டிகளின் நகையை அடகு வைத்து ஒரு புது வலை வாங்கிப் படகில் போட்டிருந்தார்கள். அந்த வலை போனால் மூன்று வீட்டிலும் அடுப்பு எரியாது. பக்கத்துக் குப்பத்தில் வேறு வலை திருடு போயிருந்தது. புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வலையைத் தூக்கி வீட்டில் வைப்பான். இவர்கள் டவுனுக்குப் போய் ஒரு கேமரா வாங்கினார்கள்.

கடைக்காரர் இதயத்துல்லா நல்ல மனிதர். ஆள் தெரியாமல் புத்தி சொன்னதுதான் அவர் செய்த தப்பு.

"கேமரா ஆடக் கூடாது. படகுல ஏறுறவன் அதுல தெரியணும். முகம் தெளிவா விழணும், இல்லாட்டி போலீஸ்ல சீந்த மாட்டாங்க. ஆள் ஏறினா உங்க போன்ல மணி அடிக்கும், அவ்வளவுதான்."

படகு முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. அதன் முன்மூக்கில் கம்பு நட்டுக் கேமராவைக் கட்டினார்கள்.

"அண்ணே, ஆடுதே" என்றான் அஞ்சாப்புலி.

"இறுக்கிக் கட்டுடா."

இறுக்கினான். அப்போதும் ஆடியது.

தனவேலு வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கம்பு ஆடல மாமா. கடல்தான் ஆடுது" என்று கண்டுபிடித்தான்.

"அதைக் கட்ட முடியுமா?" என்று கேட்டார் கலியவரதன். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. மூவரும் உட்கார்ந்து நிஜமாகவே அதை யோசித்தார்கள். கட்டுவதற்குக் கயிறு போதாது என்று முடிவானது.

ஆகவே, நீந்தித்தான் நெருங்க முடியும் என்கிற இடத்தில் பத்திரமாக நின்றிருந்த படகை, ஆள் சேர்த்து இழுத்துக் கரையேற்றி, தார் ரோட்டோரம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேமரா ஆடவில்லை. திருடனுக்கும் உடம்பு நனையும் கஷ்டம் இல்லாமல் போயிற்று.

அடுத்த சிக்கல் வந்தது. முன்மூக்கில் இருந்த கேமராவில் படகின் பின்பக்கம் மட்டுமே தெரிந்தது.

"திருடன் முன்பக்கமா ஏறினா?" என்றான் தனவேலு.

"ஏறுறவன் தெரியணும்னு கடைக்காரர் கண்டிஷனா சொல்லியிருக்காரே" என்றார் கலியவரதன். பிறகு பெயிண்ட் வாங்கி வந்து, படகின் வெளிப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பின்பக்கமாக ஏறவும்' என்று எழுதி வைத்தார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு அந்தக் கடல் பொங்காமல் இருந்ததே, அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், டீக்கடையில் இருந்தபோது போனில் மணி அடித்தது. மூவரும் விழுந்தடித்து ஓடினார்கள். ரோட்டோரம் ஒரு மீன் வண்டி நின்றது. படகில் வெளியூர் ஆள் ஒருவன் கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பின்பக்கமாகத்தான் ஏறியிருந்தான். இவர்களைக் கண்டதும் வெலவெலத்துப் போனான்.

"புடிச்சிடலாமா மாமா?" என்றான் தனவேலு.

"அவசரப்படாத மச்சான். முகம் விழாம புடிச்சிட்டுப் போனா, போலீஸ்ல எதைக் காட்டுவ?" என்ற கலியவரதன், திருடனைப் பார்த்து, "நீ பாட்டுக்குத் திருடுய்யா. மூஞ்சிய மட்டும் கொஞ்சம் இப்படித் திருப்பு" என்றார்.

திருடனுக்கு உயிர் வந்தது. கூடவே, யாரோடு பேசுகிறோம் என்பதும் புரிந்தது.

"வெயில் எதிர்ல அடிக்குதுங்க. முகம் கருப்பா விழும். கேமராவைக் கழட்டி எங்கிட்ட குடுங்க, நான் வாகாப் புடிச்சிக்கிறேன். நீங்க வலையத் தூக்கி வண்டியில வைங்க."

"அப்ப உன் முகம் எப்படி விழும்?" என்று அஞ்சாப்புலி மடக்கினான்.

"உங்களவிட நான்தானே கேமராவுக்குக் கிட்ட நிக்கிறேன்? என்னைத்தான் பெருசா எடுக்கும்."

இதற்கு மேல் யாரால் மறுக்க முடியும்? மூவரும் வியர்க்க விறுவிறுக்க வலையைச் சுமந்து வண்டியில் ஏற்றினார்கள். திருடன் கேமராவைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாதவன் என்று கலியவரதன் மெச்சிக்கொண்டார்.

நேரே இதயத்துல்லாவின் கடைக்குப் போய்ப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று பேர் வலையைத் தூக்கினார்கள், வண்டியில் ஏற்றினார்கள். மூன்று முகமும் மச்சம் வரைக்கும் தெரிந்தது.

"இது நீங்கதானய்யா!" என்றார் இதயத்துல்லா.

மூவரும் ஒருவரை ஒருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"உன் மேல எனக்கு மொதல்லேர்ந்தே சந்தேகம்டா" என்றார் கலியவரதன் தம்பியிடம்.

"எனக்கு உம்மேலதான் இருந்துச்சு" என்றான் தம்பி.

"வலைய எங்க வெச்சிருக்கீங்க, சொல்லிடுங்க" என்று தனவேலு இருவரையும் மிரட்டினான்.

"தெரியாது. நீ எங்க வெச்சிருக்க?" என்று இருவரும் திருப்பிக் கேட்டார்கள்.

"எனக்கும் தெரியாது."

"பாத்தீங்களா பாய், மூணு பேருமே நெஞ்சழுத்தக்காரனுங்க" என்றார் கலியவரதன். இதயத்துல்லா எழுந்து கடையின் ஷட்டரை இறக்கத் தொடங்கினார்.

சொந்தபந்தம் என்பதால் போலீசுக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் திருட்டுக் கை சும்மா இருக்காது, இனிமேல் அந்த மூன்று பேரையும் படகில் கால் வைக்க விடக் கூடாது என்று கறாராகப் பேசி, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கேமராவை மறுபடி படகில் கட்டுவதற்கே வேறு ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

தடைக்காலம் முடிந்து ஊர்ப் படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. இவர்கள் படகு மட்டும் ரோட்டோரம் காய்கிறது. மூவரும் டீக்கடையில் உட்கார்ந்து போனையே பார்த்துக் காவல் காக்கிறார்கள். இதுவரை மணி அடிக்கவே இல்லையாம்.

"ஒருத்தனாவது கிட்ட வந்தானா பாருங்க. கேமரான்னா அவனுங்களுக்கு அவ்வளவு பயம்!" என்கிறார் கலியவரதன்.