இலை போடாத பந்தி

கோமதிநாயகம் முப்பது வருஷம் கல்யாணச் சமையல் செய்தவர். அறுபது வயதில் மனைவி கண்ணை மூடியதும், கரண்டியும் கையுமாக மலையடிவாரத்து மடத்துக்கு வந்து, "உங்களுக்குச் சீஷனா இருந்துக்கிடுதேன்" என்று உலகம்மை முன்னால் நின்றார். உலகம்மைதான் அந்த மடத்துக்குக் குரு. வயது முப்பத்தெட்டு. மகள் வயசுக்காரியிடம் போய் இந்த மனுஷன் என்னத்தைப் படிக்கப்போகிறார் என்று ஊர் சிரித்தது.

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் அவளை "அம்மை" என்றார். அவள் அவரை "அண்ணாச்சி" என்றாள். வந்த அன்றைக்கே பந்திப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

மடத்தில் தினமும் பதினோரு மணிக்குப் பந்தி. பக்கத்துச் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் நாற்பது பேர் வந்து சாப்பிடுவார்கள். கூடம் கிடையாது. பெரிய மருதமரத்து அடியில், மெழுகிய தரையில், நாலு வரிசை. அந்தப் பட்டினி வயிறுகளுக்கு அது ஒன்றுதான் முழுச் சாப்பாடு.

மரத்தின் பொந்தில் தேன்கூடு இருந்தது. தேனீக்கள் பந்திக்கு வரும். குளவிகளும் வரும். கோமதிநாயகம் வேப்பிலைப் புகை போட்டுப் பார்த்தார். ஜனங்கள் இருமியதுதான் கண்ட பலன். துண்டை வீசினார். வீசி வீசித் தோள்பட்டை கழன்றது. அதுகளோ இன்னும் ஆங்காரமாக வந்தன.

ஒரு நாள் பேச்சித்தாய் என்ற கிழவி பாயசத்தை வழித்து வாயில் வைத்தாள். அதற்குள் ஒரு தேனீ இருந்திருக்கிறது. நாக்கில் கொட்டிவிட்டது. தொண்டை வீங்கி, மூச்சு இழுத்து, பாவம், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். வந்தவள் அதற்கப்புறம் பாயசத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

மடத்துத் தர்மகர்த்தா ஆவுடையப்பன் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். "இன்னொரு ஆளுக்குக் கொட்டட்டும். அன்னைக்கே பந்தியை நிறுத்திருவேன். சோறு போடுதோமா, ஆளைக் கொல்லுதோமா?"

கோமதிநாயகத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் ஒன்பது நாளில் குருபூஜை. முந்நூறு பேர் வருவார்கள். முந்நூறு பேரில் ஒருத்தருக்குக் கொட்டாமல் இருக்குமா? கொட்டினால் நாற்பது பேர் வயிற்றில் அடித்த பாவம் யாருக்கு?

அன்று சாயங்காலமே காய்ந்த பனையோலையைக் கட்டிப் பந்தம் தயார் பண்ணினார். நேரே உலகம்மையிடம் போனார்.

"அம்மை, பொந்துல தீ வைக்கப்போறேன்."

"வையுங்க."

மனுஷர் திகைத்துப்போனார். தடுப்பாள், நாலு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்து வந்தவர்.

"நாளைக்கு அடுப்புக்கு ஓய்வு நாள்தான?" என்றாள் உலகம்மை.

"ஆமா."

மாதத்தில் ஒரு நாள் அந்த மடத்தில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. முதல் நாளே அவல் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுநாள் சூளையாட்கள் யாரும் வரமாட்டார்கள்.

"ஆள் இல்லாத நாள்தான் அதுக்குச் சரி. பத்தரைக்கு மரத்தடிக்கு வாங்க. நானும் வாரேன். செத்த நேரம் உக்காந்துட்டு, அப்புறம் வையுங்க."

மறுநாள் பத்தரைக்குப் பந்தமும் தீப்பெட்டியுமாகப் போனார். உலகம்மை ஏற்கெனவே மரத்தின் வேர்மேல் உட்கார்ந்திருந்தாள். தரை துடைத்த மாதிரி இருந்தது. இலை இல்லை, சோறு இல்லை, ஒரு பருக்கை இல்லை. அடுப்பு அணைந்து ஒரு ராத்திரி ஆகிவிட்டதால் சமையல் வாசனையும் இல்லை.

"எதுக்கு அம்மை உக்காரணும்?"

"சும்மாதான்."

உட்கார்ந்தார். மனசுக்குள் பொருமிக்கொண்டுதான் உட்கார்ந்தார். குருபூஜைக்குக் காய்கறி சொல்லவில்லை, விறகு வரவில்லை, இங்கே வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு என்ன உட்கார்ந்திருப்பு!

கொஞ்ச நேரம் போயிற்று. ஒரு தேனீ வந்தது. தரைக்கு ஒரு சாண் மேலே நின்று ரீங்கரித்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்தது.

இன்னொன்று வந்தது. முதலாவது உட்கார்ந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது.

பிறகு ஐந்து. பிறகு இருபது. பொந்திலிருந்து இறங்கி இறங்கி வந்தன. கோமதிநாயகம் பந்தத்தை இறுக்கிப் பிடித்தார். உலகம்மை அசையவில்லை.

வந்ததெல்லாம் கண்டபடி உட்காரவில்லை. முழத்துக்கு முழம் இடம் விட்டு, இடத்துக்கு மூன்றும் நாலுமாக உட்கார்ந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசை நிறைந்தது. எதிரே இரண்டாவது வரிசை. பிறகு மூன்றாவது. பிறகு நாலாவது.

நாலு வரிசை. கோமதிநாயகம் தினமும் இலை போடுகிற அதே நாலு வரிசை. அவருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. உற்றுப் பார்த்தார். ஒவ்வொரு இலைக்கும் வலது மூலை எங்கே வருமோ, சரியாக அங்கேதான் அதுகள் இருந்தன. வெறுந்தரையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தன.

ஆயிரம் பந்தி பார்த்த மனுஷர். இலை போடாத பந்தியில் விருந்தாளி வந்து உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. பக்கத்தில் பார்த்தார். உலகம்மை இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"சமையல் இல்ல. மணி அடிக்கல" என்றார் மெதுவாக. "இதுகளுக்கு யாரு அம்மை சொன்னா?"

அவள் தேனீக்கள் உட்கார்ந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இலையில முதல்ல என்ன வைப்பீய, அண்ணாச்சி?"

"பாயசம். வலது மூலையில ஒரு கரண்டி. கல்யாணப் பந்தியில இனிப்புதான முதல்ல? அதே பழக்கம்."

"ஆள் உக்காந்த பொறவா?"

"இல்ல, முன்னாலயே. எல்லா இலைக்கும் வச்சுட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவேன். அப்புறம் பதிகம் பாடி முடிக்கணுமே."

"எத்தனை மணிக்கு வைப்பீய?"

"பத்தே முக்காலுக்கு."

"எவ்வளவு நாளா?"

"ஏழு மாசமா. நான் வந்த நாள்ல இருந்து…"

பாதியில் நிறுத்திவிட்டார். நாற்பது இலையில் நாற்பது கரண்டி இனிப்பு, கால் மணி நேரம் திறந்து கிடந்திருக்கிறது. தினமும். அதே நேரம், அதே இடம்.

எதிரே தேனீக்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"இப்ப வையுங்க தீயை" என்றாள் உலகம்மை. "பந்திக்கு வாரதெல்லாம் வெளியத்தான் இருக்கு. பொந்துல எதிர்ப்பு கம்மியாத்தான் இருக்கும்."

கோமதிநாயகம் தீப்பெட்டியைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எத்தனையோ பந்தியில் சண்டை வந்திருக்கிறது. உட்கார்ந்த ஆளை இலையிலிருந்து எழுப்ப மட்டும் அவர் ஒருநாளும் விட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டாரே வந்து சத்தம் போட்டபோதும் விட்டதில்லை.

"உக்காந்தவங்களை எப்படி அம்மை எழுப்புவேன்?" என்றவருக்கு அழுகை வந்துவிட்டது. "நானே கூப்பிட்டுட்டு நானே கொளுத்தவா? ஆனா குருபூஜைக்கு இன்னும் எட்டு நாள்தான இருக்கு. நான் என்ன செய்ய?"

"கூப்பிடத் தெரியுதுல்லா?" என்றாள் அவள். "வேற இடத்துக்குக் கூப்பிட்டுப் பாருங்க."

அடுத்த நாள் முதல் கோமதிநாயகம் பத்தே முக்காலுக்கு இலைத்துண்டுகளில் வெல்லத் தண்ணீர் ஊற்றி, பந்தியிலிருந்து பத்தடி தள்ளி வரிசையாக வைத்தார். அதற்கு மறுநாள் இருபதடி. அதற்கு மறுநாள் முப்பதடி. மடத்துக்குப் பின்னால் ஓடுகிற ஓடைப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனார்.

பந்தியில் பாயசம் கடைசிக்குப் போயிற்று. ஈரத்துணி கட்டி மூடின பானையிலிருந்து, சாப்பிட்டு முடித்தவர் கையேந்த, உள்ளங்கையில் ஊற்றினார். ஊற்றின மாத்திரத்தில் குடித்தார்கள். எச்சில் இலையை மரத்துக்குப் பின்னால் குவிக்கிற பழக்கத்தையும் விட்டு, உடனுக்குடன் குழியில் போட்டு மண் தள்ளினார். குளவிகள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போயின.

மூன்றாம் நாள் பாதித் தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டன. கோமதிநாயகம் தோளில் துண்டு இருந்தது, வீசவில்லை. அதுகள் ஒவ்வொரு இலை மூலையாகப் போய்ப் பார்த்தன. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஓடைப் பக்கம் பறந்தன.

எட்டாம் நாள் குருபூஜை. முந்நூறுக்கு மேலே ஜனம். ஆவுடையப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பந்தியைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பந்தி நடந்தது. ஒருத்தருக்குக்கூடக் கொட்டவில்லை. கடைசிப் பந்தியில் பேச்சித்தாய் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள். கோமதிநாயகம் பாயசம் ஊற்றினார். அவள் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்துமய்யா" என்றாள்.

"என்ன மருந்து அடிச்சீரு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

கோமதிநாயகம் அவரை ஓடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரையில் நாலு வரிசை இலைத்துண்டு. ஒவ்வொன்றிலும் தலை குனிந்து தேனீக்கள். நேரம் தவறாமல் வந்து, முண்டாமல் மோதாமல் குடித்துக்கொண்டிருந்தன. ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெகுநேரம் அப்படியே நின்றார். பந்தி நிற்காது என்று மட்டும் போகும்போது சொன்னார்.

எல்லாரும் போன பிறகு கோமதிநாயகம் உலகம்மையிடம் வந்தார். அவள் குழிக்கு மண் தள்ளிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சந்தோஷம்தான். அதற்கு அடியில் ஒரு வருத்தம் எட்டு நாளாக அறுத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கணும், அம்மை. மனசுல வச்சுக்கிட முடியல."

"கேளுங்க."

"இம்புட்டும் தெரிஞ்சு வச்சிருந்தீய. முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா? பேச்சித்தாய்க்கு அந்தக் கொட்டு விழுந்திருக்காதே. மூணு நாளு மூச்சுக்குத் தவிச்சாளே அவ!"

குருவிடம் கோபப்பட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை.

உலகம்மை மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு என்ன தெரியும், அண்ணாச்சி? எரிக்கிறதுக்கு முன்னால ஒருக்கா உக்காந்து பாப்பமேன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். நானும் அன்னைக்குத்தான் பாத்தேன்."