வாய் திறக்காத கூழைக்கடாவும் தலை நீட்டாத ஆமையும்

குளக்கரை இலுப்பை மரத்தடியில் ஊசிமுத்து கடை வைத்திருந்தான். ஊசிமுத்து ஒரு முள்ளம்பன்றி. நான் ஆமை. குளத்துக்கும் கடைக்கும் நடுவே முப்பதடிதான் இருக்கும். என் நடைக்கு அது ஒரு காலைப்பொழுது.

அந்தக் கடையைப் பற்றி இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. தேக்கிலைகளை விரித்து அதன்மேல் நாவல்பழம், இலந்தை, அத்தி, தேனடை என்று காட்டில் கிடைக்கிற அத்தனையும் பரப்பியிருப்பான். நீங்கள் கொண்டுவந்ததை ஓர் இலையில் வைக்க வேண்டும். வேண்டியதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் சட்டம். நான் அல்லிக்கிழங்கு வைத்துவிட்டு அத்திப்பழம் எடுப்பேன். எனக்குப் பல் கிடையாது என்பதால் நன்றாகக் கனிந்ததை ஊசிமுத்து தனியாக எடுத்து வைத்திருப்பான். பாவி, அந்த விஷயத்தில் அவன் தங்கம்.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. சரக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவான். யார் வருகிறார்கள், என்ன எடுக்கிறார்கள் என்று திரும்பியே பார்க்க மாட்டான்.

“எடுக்கிறவங்களையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தா அது கடையா? காவல் கூண்டு!” என்பான்.

இலுப்பைப்பூ உதிரும் மாதத்தில் அந்த இடமே மணக்கும். குரங்குகள் மேலே இருந்து ஊர்வம்பு பேசும். கொக்கு வெள்ளையப்பன் ஒற்றைக் காலில் நின்று எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்வான். பாதிப் பேர் எதையும் வாங்க வருவதில்லை, சும்மா பேசத்தான் வருவார்கள். நானும் அப்படித்தான். எனக்கு அந்தக் காலைகள் இன்னும் கனவில் வருகின்றன.

அப்புறம் மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொறுத்தோம். இரண்டாம் வருஷம் குளம் சேறானது. நான் சேற்றுக்குள் புதைந்து மூக்கை மட்டும் வெளியே வைத்துக் கிடந்தேன். கடையில் இலைகள் பல காலியாகக் கிடந்தன. வைக்கிறவர்கள் குறைந்தார்கள். வைக்காமல் எடுக்கிறவர்களும் ஒன்றிரண்டு பேர் முளைத்தார்கள். குரங்குக் குட்டிகள் கன்னத்தில் இலந்தையை அடக்கிக்கொண்டு போனது எனக்கே தெரியும்.

ஊசிமுத்து மாறிப்போனான். முதுகைக் காட்டி உட்கார்ந்தவன் சரக்கைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தான். ஓர் இலையைப் பார்ப்பான், சட்டென்று திரும்பி இன்னோர் இலையைப் பார்ப்பான். வாலில் முட்கள் சலசலக்க நாள் முழுக்க அதே வேலை. புதுச் சட்டமும் போட்டான். கடையை விட்டுப் போகிறவர்கள் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். முதல் நாள் எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது. நாலாம் நாள் பழகிவிட்டது. கேவலம் எதுவாக இருந்தாலும் நாலு நாளில் பழகிவிடுகிறது.

இங்கேதான் செங்கமலம் வருகிறாள்.

செங்கமலம் ஒரு கூழைக்கடா. கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே பெரிய பை ஒன்று தொங்கும், பார்த்திருப்பீர்கள். குளத்துக்கு மேற்கே புளியமரத்தில் அவள் கூடு. அதில் இரண்டு குஞ்சுகள். அந்தக் கோடையில் கூட்டின்மேல் வெயில் நேராக விழுந்தது. அதனால் அவள் தினமும் மலையடிவாரச் சுனைக்குப் பறந்துபோய், அலகுப் பையில் தண்ணீர் மொண்டுவந்து குஞ்சுகளுக்கு ஊட்டினாள்.

போகும்போது என் சேற்றுப் பக்கம் இறங்கி நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாள்.

“திரும்பி வர்றப்ப பேச மாட்டேன், கோவிச்சுக்காதீங்க அண்ணே. வாயைத் திறந்தா தண்ணி போயிடும்.”

“சரி தாயி. கண்ணை மட்டும் சிமிட்டிட்டுப் போ, போதும்.”

அப்படியே செய்வாள். திரும்பும்போது தாழப் பறந்து கண்ணைச் சிமிட்டுவாள். சேற்றில் கிடந்த எனக்கு அந்த வருஷத்தின் ஒரே சந்தோஷம் அதுதான்.

ஒருநாள் காலையில் அவள் முகமே சரியில்லை.

“சின்னவனுக்கு முடியல அண்ணே. நேத்துலேருந்து தலையே தூக்கல. இன்னிக்குத் தண்ணியோட கொஞ்சம் ஆவாரந்தழையும் கொண்டுபோய்க் கூட்டுமேல போடலாம்னு இருக்கேன். கடையில ஈச்சங்கொத்து ஒண்ணு வச்சுட்டேன். தழையை வர்றப்ப எடுத்துக்கறேன்.”

“எல்லாம் சரியாப் போகும், போய்ட்டு வா” என்றேன். அவள் மலைப் பக்கம் பறந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வரும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று சேற்றை விட்டு எழுந்து கடைக்கு நடந்தேன்.

நான் போய்ச் சேரும்போது உச்சி வெயில். சற்று நேரத்தில் அவளும் வந்து இறங்கினாள். பை நிறையத் தண்ணீர். கழுத்தை நிமிர்த்தி, அலகை இறுக மூடி, மெல்ல நடந்து வந்தாள். குனிந்து, அலகின் நுனியில் மட்டும் ஓர் ஆவாரங்கிளையைக் கவ்வினாள்.

“தேனடையைக் காணோம்!” என்று கத்தினான் ஊசிமுத்து.

எல்லாரும் திரும்பினார்கள். தேனடை இருந்த இலை காலியாக இருந்தது.

“இப்பத்தான் பார்த்தேன், இங்கேதான் இருந்துச்சு. யாரும் நகரக்கூடாது” என்றவன் செங்கமலத்தைப் பார்த்தான். அவளுடைய உப்பிய பையைப் பார்த்தான். “ஏம்மா, வாயில என்ன?”

அவள் மெல்லத் தலையசைத்தாள்.

“தலையை ஆட்டினா? வாயைத் திற.”

அவள் மறுபடியும் தலையசைத்தாள். இறக்கையைத் தூக்கி மேற்கே கூட்டைக் காட்டினாள். பிறகு மலையைக் காட்டினாள். ஊசிமுத்துவுக்கு அது புரியவில்லை.

“பறந்து போயிடலாம்னு பார்க்கிறியா? இத்தனை பேரும் திறந்து காட்டிட்டுத்தானே போறாங்க. உனக்கு மட்டும் தனிச் சட்டமா?” முட்கள் சிலிர்க்க அவன் வழியை மறித்து நின்றான்.

கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? மரத்திலிருந்த குரங்குகள் இறங்கி வந்தன. வேலிப்புதரிலிருந்து ஓணான் எட்டிப் பார்த்தது. வெள்ளையப்பன் காலை மாற்றி நின்றான்.

“மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்? திறந்து காட்டிட்டுப் போக வேண்டியதுதானே” என்றான் அவன்.

ஒரு தாய்க்குரங்கு மெதுவாகக் கேட்டது. “நாம ஏதாவது சொல்லலாமா?”

“நமக்கெதுக்கு? அது கடைக்காரன் பாடு, அவ பாடு. நடுவுல போறது வேலியில போற ஓணானை மடியில விட்டுக்கிற கதை” என்றது பக்கத்திலிருந்த கிழக்குரங்கு.

“என்னை ஏன் இதுல இழுக்கிற?” என்றது ஓணான். நாலு பேர் சிரித்தார்கள்.

செங்கமலம் சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடினாள். தேடித் தேடி என்னைக் கண்டுபிடித்தாள்.

என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

‘அண்ணே, நீங்க சொல்லுங்க’ என்று அர்த்தம். அது எனக்குப் புரியாமல் இல்லை. ‘அவ வாயில தண்ணி. குஞ்சுக்குக் கொண்டுபோறா. விடு அவளை.’ இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

சொன்னால் ஊசிமுத்துவுக்குக் கோபம் வருமே என்று நினைத்தேன். கனிந்த அத்திப்பழத்தை நாளைக்கு யார் எடுத்து வைப்பார்கள் என்று நினைத்தேன். ‘உனக்கெப்படித் தெரியும், நீயும் கூட்டா?’ என்று யாராவது கேட்டால் என்ன செய்வது என்றும் நினைத்தேன். வேறு யாராவது சொல்லட்டுமே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டேன்.

உள்ளே இருட்டு. வெளியே ஊசிமுத்துவின் குரல் மட்டும் கேட்டது. “கடைசியா கேக்கறேன். திறக்கிறியா, மாட்டியா?”

பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

நான் தலையை நீட்டியபோது செங்கமலத்தின் காலடியில் மண் ஈரமாக இருந்தது. நான் பார்க்கப் பார்க்க அந்த ஈரமும் போய்விட்டது. இரண்டு வருஷம் மழை பார்க்காத மண். ஆவாரங்கிளை பக்கத்தில் கிடந்தது. அவள் அலகை நன்றாக விரித்துக் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை.

“போதுமா?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அவளுக்கு அதற்கு நேரமில்லை. சட்டென்று திரும்பி, வந்த வழியே மலைப் பக்கம் பறந்துவிட்டாள்.

ஊசிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, “சரி சரி, அவரவர் வேலையைப் பாருங்க” என்று திரும்பினான். திரும்பியதும் அவன் பின்பக்கம் எங்களுக்குத் தெரிந்தது. வால் முட்களில் தேனடை குத்திக்கொண்டு நின்றது. சரக்கைக் காவல் காக்கிறேன் என்று சுற்றிச் சுற்றி வந்தவன், அதைத் தானே வாலில் வாரிக்கொண்டிருக்கிறான்.

“உன் வாலில இருக்குய்யா தேனடை” என்றது தாய்க்குரங்கு.

“நான் அப்பவே பார்த்தேன்” என்றான் வெள்ளையப்பன்.

ஊசிமுத்து நிமிர்ந்தான். “அப்ப ஏன்யா சொல்லல?”

“யாரும் என்னைக் கேக்கலையே.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் நாக்கு முளைத்தது. அவள் காலையில் ஈச்சங்கொத்து வைத்ததைத் தாய்க்குரங்கு பார்த்திருந்தது. அவள் பை நிறையத் தண்ணீரோடு இறங்கியதை ஓணான் பார்த்திருந்தது. நடக்கும்போது பை தளும்பியதாம். ஆளுக்கு ஒரு துண்டு உண்மையை வாயில் அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறோம். என்னிடம் மட்டும் முழுசாக இருந்தது. நான் அப்போதும் அதைச் சொல்லவில்லை.

கீழே கிடந்த ஆவாரங்கிளையைக் கவ்விக்கொண்டு அவள் கூட்டுக்குப் புறப்பட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், தழையையாவது கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். போய்ச் சேர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் தழை சருகாகிவிட்டது. புளியமரத்தடியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. கூட்டில் யாரும் இல்லை.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. குளம் நிறைந்தது. நாரை வந்தது, உள்ளான் வந்தது, மற்ற கூழைக்கடாக்களும் வந்தன. செங்கமலம் வரவில்லை.

ஊசிமுத்து திருந்தினான் என்றுதான் சொல்ல வேண்டும். வாய் காட்டும் சட்டத்தை எடுத்துவிட்டான். பழையபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தும் பார்த்தான். ஆனால் அந்த முதுகைப் பார்த்தாலே எங்களுக்கு வாலில் தொங்கிய தேனடைதான் ஞாபகம் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல், பேச வருகிறவர்கள் முதலில் நின்றார்கள். பிறகு வாங்க வருகிறவர்களும் நின்றார்கள். எனக்காக வைத்த அத்திப்பழம் நாலைந்து நாள் இலையிலேயே கிடந்து அழுகியது. கடை இருந்த இடத்தில் இன்று கரையான் புற்று இருக்கிறது. இலுப்பைப்பூ மட்டும் இன்னும் உதிர்கிறது. அந்த வாசனை வந்தால் எனக்குச் சந்தோஷமும் அழுகையும் சேர்ந்தே வரும்.

போன மாசிமாதம் நான் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். இளம் கூழைக்கடா ஒன்று பக்கத்தில் இறங்கியது. குனிந்து என்னை உற்றுப் பார்த்தது.

“இந்தக் குளத்துல ரொம்ப நாளா இருக்கிற ஆமை நீங்கதானா?”

“ஆமாம். நீ யாரும்மா?”

“செங்கமலத்தோட பொண்ணு.”

“அம்மா நல்லா இருக்காளா?”

“வடக்கே ஏரியில இருக்கு. நல்லாத்தான் இருக்கு. இந்தப் பக்கம் மட்டும் வராது.”

“நீங்க ரெண்டு பேர் இல்ல? தம்பி எங்கே?”

“அவன் அந்தக் கோடையிலயே போயிட்டான். அம்மா ரெண்டாந்தடவை தண்ணி எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள.” அது சாதாரணமாகத்தான் சொன்னது. அதற்கு அவன் முகம்கூட ஞாபகம் இருக்காது.

நான் மேற்கே புளியமரத்தைப் பார்த்தேன்.

“அம்மா உங்களைப் பத்திச் சொல்லியிருக்கு” என்றது அது.

“என்ன சொல்லுச்சு?”

“அந்தக் குளத்துல ஓர் ஆமை அண்ணன் இருப்பாரு, அவருக்கு எல்லாம் தெரியும்னு.”

அவ்வளவுதான் சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் ஒரு குறையும் சொல்லவில்லை. என் தலை தானாக ஓட்டுக்குள் போகப் பார்த்தது. நான் விடவில்லை. கழுத்தை முழுசாக நீட்டி, அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்து, அன்று கடையில் சொல்லாமல் விட்டதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன்.

ஒருவர்மேல் வீண்பழி விழும்போது, தெரிந்த உண்மையை அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். வாய்மூடி நிற்கிறவனும் பழி போட்டவன்தான்.