ஸ்டேஷனுக்குப் போன முதலை

"ஏனுங் டீச்சர், டைபாய்டுக்கு எஸ்பெராண்டோவுல என்னங் வார்த்தை?"

கேட்டவர் சென்னியப்பன். வயது அறுபத்திரண்டு. கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

டீச்சர் ரூபாவதிக்கு வயது முப்பத்தொன்பது. ஈரோட்டில் பஸ் சீட்டுக்கு உறை தைக்கிற கடை வைத்திருப்பவள். யார் என்ன கேட்டாலும் அவள் தையல் மெஷினை நிறுத்தியதில்லை. பதில் வரும், மெஷினும் ஓடும்.

"யாருக்குங் காய்ச்சல்?"

"எனக்குத்தானுங்."

"எப்ப இருந்து?"

"வர்ற வியாழக்கிழமையில இருந்து."

அன்று திங்கட்கிழமை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எஸ்பெராண்டோ எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மொழி. எல்லா நாட்டு ஜனங்களும் ஒருத்தரோடொருத்தர் பேசிக்கொள்ளட்டும் என்று நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கியது. அதைப் பேசுகிறவர்கள் உலகம் பூராவும் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். சட்டையில் பச்சை நட்சத்திரம் குத்திக்கொள்வார்கள். எந்த ஊரில் இறங்கினாலும் அந்த ஊர் நட்சத்திரக்காரர் வீட்டில் படுக்க ஒரு கட்டில் கிடைக்கும்.

ஈரோட்டில் அப்படி ஆறு பேர். ஆறு பேருக்கும் டீச்சர் ரூபாவதிதான். சனிக்கிழமை சாயங்காலம், கடைக்கு மேலே இருக்கும் அறையில் வகுப்பு.

அந்த அறையில் ஒரு மர முதலை உண்டு. ஒரு முழ நீளம். வகுப்பு நேரத்தில் யார் தாய்மொழிக்குத் தாவுகிறார்களோ அவர் மடியில் அது ஏறிவிடும். அடுத்தவர் தாவும்வரை இறங்காது. தாய்மொழிக்குத் தாவுகிறவனை முதலை என்று கேலி செய்வது உலகம் பூராவும் இந்தக் கூட்டத்தாரின் வழக்கம். ஏன் முதலை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

புத்தகத்தைப் பார்த்து எழுதக் கற்ற சென்னியப்பன், பேசிப் பழக வகுப்பில் சேர்ந்து எட்டு வருஷம். அத்தனை வருஷமும் அந்த முதலை அதிகம் குடியிருந்தது அவர் மடியில்தான். வேட்டியில் தேய்ந்து தேய்ந்து அதன் வயிறு வழவழவென்று ஆகிவிட்டது.

"வியாழக்கிழமை யாருங் வராங்க?" என்று கேட்டாள் ரூபாவதி.

"ஸ்டோயன்."

"பல்கேரியாக்காரரா? கடிகாரம் ரிப்பேர் பண்றவரு?"

"அவரேதானுங். பேத்தி டிக்கெட் போட்டுக் குடுத்துட்டாளாமா. டில்லி வந்துட்டாரு. காலையில ஏழரை மணி வண்டிக்கு இங்க எறங்கறாரு."

"பத்தொம்பது வருஷமா எழுதறீங்க. நல்ல சேதிதானுங்களே?"

"அதுதானுங் வெனையே."

அவர் துணிக்கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"எழுதறதுன்னா மூணு நாள் எடுத்துக்குவேன். அகராதி பக்கத்துலயே இருக்கும். அடிச்சு அடிச்சுத் திருத்தி, நல்லா எழுதிப்போடுவேன். அவருக்குத் தெரிஞ்ச சென்னியப்பன் நெம்பப் பேசுவானுங். தத்துவமெல்லாம் பேசுவான். ஸ்டேஷன்ல போய் நிக்கப்போறது ஊமை."

"ஊமைங்களா?"

"நீங்களே பாத்திருக்கறீங்களே. வாயத் தொறந்தா தமிழ்தான் வருது. இல்லாட்டி ஒண்ணுமே வரமாட்டேங்குது."

"வீட்டுக்கு ஒரம்பரை வந்தா காய்ச்சல்னு படுத்துக்கறதா சார்?"

"உங்களுக்குச் சிரிப்பா இருக்குதுங். வீட்டுக்காரி மயிலாத்தா தவறிப்போனப்ப நான் பதினாலு நாள் யாருகிட்டயும் பேசல. தமிழ்ல சொல்ல வாய் வரல. பதினஞ்சாம் நாள் அந்த மனுசனுக்குத்தானுங் எழுதினேன். இன்னைக்கு வரைக்கும் அதை நான் சொன்னது அவர் ஒருத்தர்கிட்டத்தான். அவரும் என்னைப் பாத்து, 'இவனா அவன்?'னு நெனச்சுட்டா, எனக்கு வேற யாருங் இருக்காங்க?"

மெஷின் ஒரு மூலையைத் திருப்பிக்கொண்டு ஓடியது.

"அந்தக் கடிதம் எத்தனை நாள்ல எழுதுனீங் சார்?"

"எது?"

"மயிலாத்தா அம்மா போனதை எழுதுனது."

சென்னியப்பன் யோசித்தார். "ஒரே மூச்சுலதானுங். அகராதி எங்க கெடந்துச்சுன்னே தெரியல. அஞ்சு தப்பு இருந்துச்சாமா. எப்பவும் ஒருத்தர் தப்ப ஒருத்தர் திருத்தி அனுப்பிக்குவோம். அந்த அஞ்ச மட்டும் திருத்தமாட்டேன்னு எழுதியிருந்தாரு."

"ம்."



"வார்த்தை சொல்லுங் டீச்சர்."

"அகராதில இருக்குமுங்."

அவர் எழுந்தார். கடை வாசல் படியிறங்கப் போனவரை, தையலிலிருந்து கண் எடுக்காமலே கூப்பிட்டாள்.

"சார். மாடியில ஆணியில முதலை தொங்குது. எடுத்துக்குங்க."

"இன்னைக்குச் சனிக்கிழமை இல்லைங்களே!"

"இந்த வாரம் வகுப்பு வியாழக்கிழமைங். ஸ்டேஷன்ல."

"நீங்க வரீங்களா?"

"ரெண்டு பஸ்ஸோட உறை பாக்கி கெடக்குது. வகுப்பு எங்கயோ முதலையும் அங்க இருக்கோணுமல்லங்?"

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷச் சிநேகிதன் எதிரில் மடியில் முதலையோடு உட்காரச் சொல்கிறாள். எட்டு வருஷம் படித்ததற்கு இதுதான் மரியாதை.

இருந்தாலும் மாடியேறி அதை எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். டீச்சர் சொன்னதை மீறிப் பழக்கமில்லை.

வீட்டுக்குப் போய் டைபாய்டை எழுத உட்கார்ந்தார்.

கம்பவுண்டர் எழுதுகிற காய்ச்சல் அல்லவா. முதல் நாள் எத்தனை டிகிரி, மறுநாள் எத்தனை டிகிரி, நாக்கில் எங்கே வெள்ளை படிந்தது, பசி எப்போது நின்றது, ஒன்றையும் விடவில்லை. திங்கள் போயிற்று. செவ்வாய் முழுக்கத் திருத்தினார். 'வருத்தத்துடன்' என்பதா 'மிகுந்த வருத்தத்துடன்' என்பதா என்று புதன் சாயங்காலம் வரை இழுத்தது. நகலெடுத்து, ஒருமுறை படித்துப் பார்த்து, இதுவரை எழுதியதிலேயே இதுதான் உத்தமமான கடிதம் என்று தோன்றியபோது புதன் ராத்திரி பதினொரு மணி.

மின்னஞ்சலில் அனுப்பக் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

ஸ்டோயனிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது.

"சென்னையில் ரயில் ஏறிவிட்டேன். காலையில் பார்ப்போம்."

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை வண்டி இருபது நிமிஷம் தாமதம். அந்த இருபது நிமிஷமும் சென்னியப்பன் 'நல்வரவு' என்ற ஒரு வார்த்தையையே வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தார். போன்வேனோன். போன்வேனோன். டீ விற்கிறவன் அவரை இரண்டுமுறை திரும்பிப் பார்த்தான்.

வண்டி வந்து நின்றது.

இறங்கியவர் போட்டோவில் இருந்ததைவிடப் பெரிய ஆள். தொப்பியில் பச்சை நட்சத்திரம். இரண்டு பெட்டி. சென்னியப்பன் சட்டையில் இருந்த நட்சத்திரத்தைப் பார்த்ததும் பெட்டிகளைக் கீழே வைத்தார்.

இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள்.

சென்னியப்பன் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

ஸ்டோயன் சிரித்தார். சென்னியப்பனும் சிரித்தார். கையைப் பிடித்துக்கொண்டார்கள். விட்டார்கள். மறுபடி பிடித்துக்கொண்டார்கள். வண்டி கிளம்பியது. அதையே இருவரும் ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசிப் பெட்டியும் போன பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

போச்சு, என்று நினைத்தார் சென்னியப்பன். பத்தொன்பது வருஷமும் போச்சு.

அப்போதுதான் பார்சல் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று பின்னாலிருந்து வந்தது. "ஓரம், ஓரம், சார் ஓரம்!" என்று கத்திக்கொண்டேதான் வந்தது. கத்தியது தமிழில். அதன் இரும்புச் சக்கரம் ஸ்டோயனின் வலது காலில் ஏறி இறங்கியது.

ஸ்டோயன் ஒற்றைக் காலில் துள்ளினார். வாயிலிருந்து ஒரு வாக்கியம் புறப்பட்டது. நீளமான வாக்கியம். அது பல்கேரிய மொழி. அர்த்தம் யாருக்கும் தெரியாவிட்டாலும், பெண்பிள்ளைகள் காதில் விழக்கூடாதது என்பது மட்டும் பிளாட்பாரம் முழுக்கப் புரிந்தது.

சென்னியப்பன் எதையும் யோசிக்கவில்லை. எட்டு வருஷச் சனிக்கிழமைப் பழக்கம். கை தானாக மஞ்சப்பைக்குள் போயிற்று. தானாக வெளியே வந்தது. முதலையை ஸ்டோயனின் நெஞ்சுக்கு நேராக நீட்டியது.

நீட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

ஸ்டோயன் துள்ளுவதை நிறுத்தினார். முதலையைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்த்தார். அப்புறம் கேட்டதே ஒரு சிரிப்பு! தொப்பி கீழே விழுந்தது. சிரித்துக்கொண்டே முதலையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"எங்கள் ஊரில் இது தகரத்தில்," என்றார் எஸ்பெராண்டோவில், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து. "மூன்று வருஷமாக என் வீட்டில்தான் இருக்கிறது. என்னிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்வதில்லை."

சென்னியப்பன் அதைக் கேட்டாரோ என்னவோ. அவர் கண் அந்தக் காலில் இருந்தது. ஷூவின் மேலே கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. பிளாட்பாரத்தில் மண்டியிட்டு ஷூவைக் கழற்றினார்.

"இங்கே வலிக்கிறதா?"

"இல்லை."

"இங்கே?"

"ஆ!"

"விரலை அசையுங்கள். சரி. இன்னொரு தரம். எலும்புக்கு ஒன்றுமில்லை, சதைதான் நசுங்கியிருக்கிறது, இன்றைக்குப் பூராவும் வீங்கும், நாளைக்கு வடிந்துவிடும், எதிர்க் கடையில் பனிக்கட்டி வாங்கி வைத்துவிடலாம். நீங்கள் பொறுமைசாலி. மாடாக இருந்தால் இந்நேரம் என் பல்லை உடைத்திருக்கும். அந்தக் காலை ஊன்றாதீர்கள், என் தோளைப் பிடித்துக்கொண்டு..."

"சென்னியப்பன்," என்றார் ஸ்டோயன்.

"என்ன?"

"கொஞ்சம் மெதுவாக."

"எது?"

"பேச்சு. நீங்கள் எஸ்பெராண்டோவை ரொம்ப வேகமாகப் பேசுகிறீர்கள். இந்தப் பயத்தில்தான் டில்லியிலிருந்தே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். உங்கள் கடிதம் ஒன்றுக்குப் பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆகும்."

சென்னியப்பன் மண்டியிட்டபடியே அண்ணாந்து பார்த்தார். பிறகு பிளாட்பாரத் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாக வாங்காத மூச்சு ஒன்று உள்ளே போயிற்று.

டீக்கடை பெஞ்சில் காலைத் தூக்கிவைத்து, பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கட்டிவிட்டார். கட்டி முடித்ததும் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். அதை மறைத்து வைத்துக்கொண்டு டீ குடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஸ்டோயன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார். நாக்கில் வெள்ளை படிந்த இடத்தை இரண்டுமுறை படித்தார்.

"பிரமாதம்," என்றார்.

"மன்னியுங்கள்."

"ஆனால் இது வந்திருந்தாலும் நான் நம்பியிருக்கமாட்டேன்."

"ஏன்?"

"ஒரு பிழைகூட இல்லை. காய்ச்சல்காரன் இப்படியா எழுதுவான்?"

பிறகு கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "வீட்டில் மயிலாத்தாவின் படம் இருக்கும் இல்லையா?" என்று கேட்டார். அந்தப் பெயரை அவர் உச்சரித்தது விநோதமாக இருந்தது. சென்னியப்பன் திருத்தவில்லை.

"இருக்கிறது. அதற்கு முன்னால் ஓரிடம் போக வேண்டும்."

ஆட்டோ ரூபாவதியின் கடை வாசலில் நின்றது. சென்னியப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்டோயன் நொண்டி நொண்டி உள்ளே வந்தார். கக்கத்தில் முதலை.

ரூபாவதி நிமிரவில்லை. மடியில் நீலநிற ரெக்சின் வழிந்து கிடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங் சார்," என்றாள், "டைபாய்டு எப்படிங் இருக்குது?"

சென்னியப்பன் பதில் சொல்ல வாயெடுத்தார். ஸ்டோயன் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார்.

பிறகு நொண்டிக்கொண்டே போய், முதலையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

மெஷின் நின்றது.